பிஸ்கற் ரின்னுக்குள் கிடக்கும் மாதா: தவக்காலத்தில் புள்ளடித் தையல், கேள்வியும் பதிலும்

விபூதிப் புதன் பூசைக்குப் போய் வந்த அன்றைக்கே நாலைந்து பேர் ஒரே விஷயத்தைக் கேட்டுவிட்டீர்கள். எப்பவோ புள்ளடியில், அதாவது கட்டத் துணியில் X மாதிரிக் குறுக்குத் தையலாக, தொடங்கி, பிஸ்கற் ரின்னில் அடைத்து அலுமாரிக்குள் போட்ட மாதா படத்தை, சிலுவைப்பாதைப் படத்தை, இந்தத் தவக்காலத்தில் எடுத்து முடிக்கலாமா என்று. ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத ஏலாது, இங்கேயே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். நான் மாங்குளம் பக்கம். இருபது வருஷத்துக்கு மேல் ஊசி பிடிக்கிறேன், பிள்ளைகளுக்குப் பழக்கியும் இருக்கிறேன். ஆனால் என்னுடைய கடைசி இராவுணவுப் படமே ஒன்பது வருஷமாக அரைகுறையாகக் கிடக்கிறது, அதையும் முதலே சொல்லிவிடுகிறேன்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு தங்கை: 140க்கு 196 கட்டம், திரு இருதயப் படம். ஐந்து வருஷத்துக்கு முன்னம் பாதியில் விட்டது. உயிர்ப்பு ஞாயிறுக்குள் முடிக்கிறேன் என்று நேர்த்தி வைத்துவிட்டேன். ஒரு நாளைக்கு எவ்வளவு தைக்க வேண்டும்?

நேர்த்தி வைக்க முன்னம் எண்ணிப் பார்த்திருக்கலாம் தங்கச்சி. 140ஐ 196ஆல் பெருக்கினால் 27,440 புள்ளடி. பாதி முடிந்தது என்றால் மிச்சம் 13,720. நான் மணிக்கு 120 தைப்பேன், அதுவும் ஒரே நிறமாக ஓடினால். அந்தக் கணக்குக்கு 114 மணித்தியாலம் வேண்டும். நாற்பது நாளில் முடிக்க நாளுக்கு மூன்று மணித்தியாலம் கிட்ட, ஒரு நாளும் தவறாமல். வேலைக்குப் போய், சமைத்து, வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கும் போகிற பெண்ணுக்கு அது நடக்காது. நடத்தினாலும் மூன்றாம் கிழமை கழுத்து நோவோடு திரும்ப அலுமாரிக்குள்தான் போகும். நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்றால் 4,800 தைக்கலாம். முகமும் இருதயமும் முடிக்க அது காணும். அதை நேர்த்தியாக வைத்துக்கொண்டு மிச்சத்தை மடு ஆடித் திருவிழாவுக்கு, யூலை 2க்கு, தள்ளுங்கள். அதுவும் சரிவராவிட்டால் ஆகஸ்ட் 15 இருக்கிறது. மாதாவுக்கு வருஷத்தில் இரண்டு தவணை உண்டு.

முல்லைத்தீவிலிருந்து: அம்மா 2007இல் மடு மாதா படம் தொடங்கினவ. இடம்பெயர்ந்து திரிந்த காலம் முழுக்க அந்தத் துணியைப் பையில் வைத்திருந்தா. இப்ப அம்மா இல்லை. துணியில் செம்மண் கறை, ஊசி குத்தியிருந்த இடத்தில் துரு, சாட் (கட்டம் போட்ட மாதிரித் தாள்) பாதி கிழிந்துவிட்டது. புதுத் துணி வாங்கி முதலிலிருந்து தைக்கவா?

வேண்டாம். புதுத் துணியில் தைத்தால் அது உங்கள் படம், அம்மாவின் படம் அல்ல. 2008 ஏப்ரலில் மாதா சொரூபமே மடுவை விட்டுத் தேவன்பிட்டிக்குப் போக வேண்டி வந்தது. உங்கள் துணியும் அதே காலத்தில் அலைந்திருக்கிறது. கறை கொஞ்சம் இருந்தால் இருக்கட்டும்.

கை வைக்க முன்னம் துணியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள், நூல் இற்றிருக்கிறதா என்று. இற்ற இடம் இருந்தால் பின்னால் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை வைத்துப் பெரிய தையலாக ஓடிவிட்டுத் தொடங்குங்கள். அடுத்தது கழுவுவது. கழுவ முன்னம் அயன் பிடிக்கவே வேண்டாம், சூடு பட்டால் கறை நிரந்தரமாகக் குடியேறிவிடும். முதலில் ஈரமான வெள்ளைத் துணியைச் சிவப்பு, கடும் நீலம், கறுப்பு நூல்களின் மேல் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டவில்லை என்றால் குளிர்ந்த தண்ணீரில் குழந்தைகளுக்குப் போடும் சம்போ கொஞ்சம் கலந்து ஊற வையுங்கள். தேய்க்கவும் வேண்டாம், பிழியவும் வேண்டாம். எங்கள் பக்கம் பல கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரமே நுரைக்காது, அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் பில்டர் தண்ணீர் எடுங்கள், இல்லாவிட்டால் பிடித்து வைத்த மழைத் தண்ணீர். துவாயில் சுருட்டி ஈரத்தை எடுத்து நிழலில் விரித்துக் காய விடுங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் சோதிக்காமல் நனைத்து, ஆண்டவரின் சிவப்பு மேலாடை வெள்ளை அங்கிக்குள் இறங்கி றோஸ் நிறமாகிவிட்டது. அப்படி இறங்கினால் துணியைக் காய விடக் கூடாது, தண்ணீர் தெளியும்வரை குளிர்ந்த தண்ணீரில் அலசிக்கொண்டே இருக்க வேண்டும். நான் காய விட்டேன், அதுதான் பிழை.

துருவுக்குத் தேசிக்காய் போடச் சொல்வார்கள். துரு போகும், சில நேரம் நூலின் நிறமும் சேர்ந்து போகும். அந்த இடத்துக்கு மேல் தையல் வரப்போகிறது என்றால் விட்டுவிடுங்கள், மூடிவிடும்.

இனித்தான் முக்கியமான விஷயம். அம்மாவின் தையலைக் கிட்டப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளடியிலும் மேல் நூல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். நீங்கள் வழக்கமாகத் தைப்பது எதுவாக இருந்தாலும் அவ சாய்த்த பக்கமே நீங்களும் சாய்க்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் வேறு மாதிரி விழுந்து எந்த இடத்தில் கை மாறியது என்று காட்டிக்கொடுக்கும். நூலை எத்தனை இழையாகப் பிரித்துக் கோத்திருக்கிறா என்பதையும் எண்ணுங்கள். அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணிக்கு வழக்கம் இரண்டு இழை, ஆனால் நூல் தட்டுப்பட்ட காலத்தில் அவ ஒன்றோடு சமாளித்திருக்கவும் கூடும். சாட் இல்லாத பகுதிக்கு, சதுரக் கோட்டுக் கொப்பியில் அவ தைத்ததைக் கட்டம் கட்டமாகப் பதிந்து, மிச்சத்தைப் படம் ஒன்றைப் பார்த்து நிரப்புங்கள். அதுவும் முடியாவிட்டால் அம்மா நிறுத்திய இடத்திலேயே நிறுத்திவிட்டு, சுற்றிவரக் கரையை மட்டும் தைத்துச் சட்டம் போடுங்கள். என்னைக் கேட்டால் அதுதான் அழகு.

வவுனியாவிலிருந்து: பழைய நூலின் அதே இலக்கத்தைத்தான் வாங்கினேன், நிறம் ஒத்துவரவில்லை.

ஒவ்வொரு சாயத் தொகுதிக்கும் கொஞ்சம் வித்தியாசம் வரும், பழையது வெளிறியும் இருக்கும். ஆடையின் நடுவில் புதிதைத் தொடங்காமல் மடிப்பு ஓரத்தில் தொடங்குங்கள். இடையில் நாலைந்து வரிசைக்குப் பழைய இழை ஒன்றும் புது இழை ஒன்றுமாகச் சேர்த்துக் கோத்தால் கண்ணுக்குத் தெரியாது. பழைய நூல் கொஞ்சமாவது கையில் இருக்கிறதுதானே?

அக்கா, ஒரு கட்டம் பிசகிவிட்டது, இருபது வரிசை தாண்டித்தான் கண்டேன். பிரிக்கவா?

முகம் என்றால் பிரியுங்கள். வானம், மேகம், உடுப்பு என்றால் பேசாமல் போங்கள். இனிமேல் பத்துக் கட்டத்துக்கு ஒரு தரம் தையல் நூலால் கோடு ஓடிவிட்டுத் தையுங்கள், முடிந்ததும் உருவி எடுக்கலாம். பேனையால் கோடு போட வேண்டாம், நம்ம வெயிலுக்கும் அயனுக்கும் அது அழியாமல் நின்றாலும் நிற்கும்.

முழங்காவிலிலிருந்து: என்னிடம் இருப்பது நல்லாயன் படம், கீழே வசனம் ஆங்கிலத்தில். அதைத் தமிழில் மாற்ற முடியுமா? 23ஆம் திருப்பாடல் முதல் வரி.

முடியும், ஆனால் ஆங்கில எழுத்துக்கு விட்ட இடம் காணாது. அந்தப் பெரிய எழுத்துக்கள் ஏழு கட்ட உயரத்துக்குள் அடங்கிவிடும். நம்ம எழுத்துக்கு நடு உடம்பு ஒன்பது கட்டம், மேலே புள்ளிக்கும் விசிறிக்கும் ஐந்து, கீழே கு, மு, ழு இறங்க நாலு, மொத்தம் பதினெட்டு. அகலத்தில் ர, ப எல்லாம் எட்டுக்குள் வரும், ண மட்டும் பதினாலு கேட்கும். சராசரியாக எழுத்துக்கு இடைவெளியோடு பன்னிரண்டு என்று வைத்தால் இருபது எழுத்து 240 கட்டம், 14 கட்டத் துணியில் பதினேழு அங்குலம். ஆகவே வரியை இரண்டாக, மூன்றாக உடைக்க வேண்டும். வளைவுகளைப் புள்ளடியால் மட்டும் தைத்தால் படிக்கட்டு மாதிரி நிற்கும், அதனால் எழுத்தைச் சுற்றி ஒற்றை இழையில் பின்தையல் (ஒவ்வொரு குத்துக்கும் பின்னோக்கி வந்து தைப்பது) ஓடுங்கள். புள்ளிக்கு ஒரேயொரு புள்ளடி, எழுத்திலிருந்து இரண்டு கட்டம் மேலே. கணினியில் செய்த தமிழ்ச் சாட்டை நம்ப வேண்டாம், எனக்குக் கிடைத்த ஒன்றில் ‘மே’யின் கொம்பு மகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. சதுரக் கொப்பியில் கையால் எழுதி, தமிழ் படிப்பிக்கிற ஒருவரிடம் காட்டிவிட்டுத் தையுங்கள். 1978இல் தமிழ்நாட்டில் சீர்திருத்தம் வர முன்னம் எல்லோரும் எழுதிய தும்பிக்கை வைத்த ‘லை’ இருக்கிறதே, எனக்கு இன்றும் அதைத் தைக்கத்தான் ஆசை. குறையில்லை என்ற சொல்லில் அது எவ்வளவு வடிவாக வரும்!

பெரிய வெள்ளியன்று ஊசி பிடிக்கக் கூடாது, ஆண்டவரைக் குத்துவது மாதிரி என்று அம்மம்மா சொல்லுவா. உண்மையா?

திருச்சபைச் சட்டத்தில் அன்றைக்கு ஒருசந்தியும் (ஒரு நேரச் சாப்பாடு) சுத்தபோசனமும் (இறைச்சி விலக்கு) உண்டு, ஊசியைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் நானும் அன்றைக்குத் தைப்பதில்லை, அம்மம்மா சொன்னதை மீற மனம் வராது.

கோயிலில் சொரூபங்களை ஊதாத் துணியால் மூடுகிற நேரத்தில் வீட்டில் மாதா முகம் தைக்கலாமா?

தாராளமாக. அந்த வழக்கம் கோயிலுக்குள் இருக்கும் படங்களுக்கும் சொரூபங்களுக்கும்.

ஒரு தம்பி: எனக்கு இடது கை இல்லை. முன்னம் தைத்தேன், பிறகு விட்டுவிட்டேன். திரும்பத் தொடங்க வழி இருக்கிறதா?

இருக்கிறது தம்பி. கையில் பிடிக்கும் வட்ட வளையத்தை விட்டுவிடுங்கள். தச்சரிடம் சொல்லி நாலு சட்டப் பலகை அடித்து, மேசை விளிம்பில் கவ்வியால் இறுக்குங்கள், துணி தானாக நிற்கும். வலது கையை மேலும் கீழும் மாற்றிக் குத்த வேண்டி வரும், வேகம் பாதியாகும், அவ்வளவுதான். நூல் கோக்க, ஊசி கோர்க்கும் கம்பி ஒன்று வாங்கி ஊசியைச் சவர்க்காரக் கட்டியில் குத்தி நிறுத்திவிட்டுக் கோத்துக்கொள்ளுங்கள். முனை மொட்டையான 24ஆம் இலக்க ஊசிதான் நல்லது, அதன் காது பெரிது. மரத்துக்கு எவ்வளவு கேட்டார்கள் என்று பிறகு சொல்லுங்கள், இன்னும் இரண்டு பேருக்குத் தேவை.

நான் சைவ சமயம். சிநேகிதிக்காக அவளுடைய பாதிப் படத்தை முடித்துக் கொடுக்கலாமா?

கொடுங்கள் பிள்ளை, இதில் என்ன கேள்வி. தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு மட்டும் துணியைத் தொட வேண்டாம்.

எல்லோருக்கும் சொல்கிறீர்களே, உங்கள் இராவுணவு எப்ப முடியும்?

எண்ணிவிட்டேன். பதினொரு பேர் முடிந்து, ஆண்டவர் முடிந்து, மேசைவிரிப்பும் யூதாசும் மிச்சம், 3,100 புள்ளடி. விரிப்பு வெள்ளைத் துணியில் வெள்ளை நூல், இரவில் கண் தெரியாது, அதனால்தான் ஒன்பது வருஷம். இந்த முறை விரிப்பைப் பகலில் ஜன்னலடியிலும் யூதாசை இரவிலும் தைக்கிறேன். பெரிய வியாழனுக்குள் அவனையாவது மேசையில் இருத்திவிடப் பார்க்கிறேன். நேர்த்தி ஒன்றும் வைக்கவில்லை.