கனடாவில் கொச்சிக்காய்ச் (மிளகாய்ச்) செடியை முதல் உறைபனியிலிருந்து காப்பாற்றுவது எப்படி? பொலித்தீனால் மூடலாமா?

மட்டக்களப்பான் உறைபனிக்கு வைத்தியம் சொல்கிறான் என்று சிரிக்க வேண்டாம். எங்கள் ஆரையம்பதியில் தை மாதத்து விடியலிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. பனி என்றால் புல்லை நனைத்துவிட்டுப் போவதுதான். ஸ்காபரோவில் அக்கா வீட்டில் ஆறு மாதம் நின்றபோது, பனி வந்தால் கொச்சிச் செடி செத்துவிடுமாம் என்று தொலைபேசியில் சொன்னேன். "பனியில் எந்தச் செடியடா செத்தது?" என்று கேட்டார் அம்மா.

ஒக்டோபரில் ஓர் இரவு விடை கிடைத்தது. வானிலை அறிவிப்பில் 2 பாகை. சைபருக்கு மேல்தானே, பேசாமல் படு என்றார் அக்கா. நான் கேளாமல் பொலித்தீன் விரிப்பொன்றைச் செடிகளின் மேல் அப்படியே போட்டுவிட்டேன். விடிந்து பார்த்தால், பொலித்தீனில் ஒட்டிக்கிடந்த இலைகளெல்லாம் அவித்த கீரை போலக் கருத்துத் தொங்கின. ஒட்டாத இலைகள் தப்பின. மூடாமல் விட்ட கரைச் செடி முழுவதும் போய்விட்டது.

அறிவிப்பில் வருவது ஆள் உயரத்துக் காற்றின் வெப்பநிலை. முகிலும் காற்றும் இல்லாத இரவில் இலை அதைவிடக் குளிர்ந்து சைபருக்குக் கீழே போய்விடும். ஆகவே 3, 4 பாகை என்றாலே ஆயத்தமாகுங்கள். செடியைச் சுற்றி நாலு தடி நட்டு, இலையில் படாதபடி பழைய படுக்கை விரிப்பைப் போடுங்கள். விரிப்பு நிலம் வரைக்கும் தொங்க வேண்டும். ஓரத்தில் கல் வையுங்கள். பகலில் மண் வாங்கிய சூடுதான் இரவில் செடியைக் காக்கிறது. தண்டோடு சேர்த்துக் கட்டினால் அந்தச் சூடு உள்ளே வராது. பொழுது சாயும் முன்பே மூடிவிட வேண்டும், வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். மண் காய்ந்திருந்தால் பகலிலேயே தண்ணீர் விடுங்கள்; ஈரமண் கூடுதல் சூட்டைப் பிடித்துவைக்கும்.

இவ்வளவு செய்தாலும் கிடைப்பது இரண்டு மூன்று வாரம்தான். 10 பாகைக்குக் கீழே கொச்சி வளராது, சும்மா நிற்கும். நிறம் மாறத் தொடங்கிய காய்களைப் பிடுங்கி வீட்டுக்குள் வைத்தால் பழுத்துவிடும். பிஞ்சுகளை மோர்மிளகாய்க்குப் போடுங்கள்.

ஆசையாக வளர்த்த செடி என்றால் மூடுவதை விட்டுவிட்டுச் சாடிக்கு மாற்றுங்கள். கொச்சி ஒரு வருடத்தில் சாகிற செடி அல்ல. எங்கள் கிணற்றடியில், குளிக்கிற தண்ணீர் ஓடும் இடத்தில், ஒரே செடி வருடக்கணக்காகக் காய்த்தது. உறைபனிக்கு முன்பே வேரோடு கிளப்பி, ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி, அசுவுணி என்கிற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி இல்லாமல் கழுவி, நிலவறை யன்னலோரம் வையுங்கள். மண் காய்ந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர். அக்கா மூன்று செடிகளை அப்படி வைத்தார். இரண்டு பட்டுப்போயின. மூன்றாவது செடி பங்குனியில் கணுவுக்குக் கணு துளிர்த்து நிற்பதைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருந்தார்.