கோர் 2 டூயோ, 2 ஜிபி ரேம் இருக்கிற பழைய கம்ப்யூட்டர்ல லுபுண்டு (லைட்டான ஒரு லினக்ஸ் ஓஎஸ்) போட்டா அப்பாவுக்குத் தேறுமா?

தாராளமா தேறும். பேப்பர் படிக்க, யூடியூப் பாக்க, தமிழ்ல லெட்டர் டைப் பண்ணன்னுதான கேட்டிருக்கீங்க, நான் பெரம்பூர்ல எங்க வீட்லயும் சொந்தக்காரங்க வீடுகள்லயும் இந்த மாதிரி மெஷின்ல போட்டுக் குடுத்திருக்கேன், எல்லாம் ஓடிட்டுதான் இருக்கு.

ஆனா ஓஎஸ்ஸுக்கு முன்னாடி ஹார்ட் டிஸ்க்க மாத்துங்க. லுபுண்டுல இருக்கிற எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப் ரேம் கம்மியாதான் எடுக்கும், எடுக்கிறது ப்ரவுசர். நாலு டேப் தொறந்தா 2 ஜிபி ரொம்பிடும், அப்புறம் சிஸ்டம் டிஸ்க்க ஸ்வாப்பா, அதாவது ரேமுக்குப் பதிலா, யூஸ் பண்ண ஆரம்பிக்கும், அது பழைய சுத்துற டிஸ்க்கா இருந்தா மவுஸ்கூட நகராது. அதனால ஒரு சின்ன சாட்டா எஸ்எஸ்டி (சுத்தாத, வேகமான டிஸ்க்) வாங்கிடுங்க, ரேமையும் 4 ஜிபி ஆக்க முடிஞ்சா ஆக்கிடுங்க. அந்தக் கால போர்டுக்கு எந்த வகை ரேம், டிடிஆர்2வா டிடிஆர்3யான்னு பாத்து மாடல் நம்பர எழுதிட்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனா செகண்ட் ஹேண்ட்ல கிடைக்கும். 4 ஜிபி ஆயிட்டா என் சாய்ஸ் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇங்கிற இன்னொரு லினக்ஸ், விண்டோஸ் பழகினவங்களுக்கு அதுதான் ஈசி.

32 பிட் விண்டோஸ் 7 இருக்கு, அதனால 32 பிட் லினக்ஸ்தான் வேணும்னு எழுதியிருக்கீங்க. வேண்டாங்க. கோர் 2 டூயோ 64 பிட் ப்ராசஸர்தான், அப்ப போட்டுக் குடுத்தவங்க 32 பிட் விண்டோஸ் போட்டிருக்காங்க, அவ்ளோதான். லுபுண்டு 19.04 வெர்ஷன்லேர்ந்து 32 பிட்ட நிறுத்திட்டாங்க, லினக்ஸுக்கான 32 பிட் குரோம் 2016லயே நிறுத்திட்டாங்க, 64 பிட்டே போடுங்க.

மொதல்ல பென் டிரைவ்ல லைவ்வா, அதாவது இன்ஸ்டால் பண்ணாமலே, பூட் பண்ணி வைஃபை, சவுண்டு, பிரிண்டர் மூணும் வேலை செய்யுதான்னு பாத்துட்டு அப்புறம் இன்ஸ்டால் பண்ணுங்க. ப்ரவுசர்ல எந்த சைட்டத் தொறந்தாலும் செக்யூரிட்டி எரர் வந்தா ஓஎஸ்ஸ திட்டாதீங்க, தேதியப் பாருங்க. போர்டுல இருக்கிற காசு சைஸ் சிஆர்2032 பேட்டரி செத்திருந்தா ஒவ்வொரு தடவையும் தேதி பழைய வருஷத்துக்குப் போயிடும், சைட்டோட செக்யூரிட்டி சர்டிஃபிகேட் எல்லாம் தப்புன்னு காட்டும், பேட்டரி மாத்தினா சரியாயிடும்.

டேலி மாதிரி கணக்கு சாஃப்ட்வேர் ஏதாவது வேணும்னா இந்த ஐடியாவே விட்டுடுங்க, அது லினக்ஸ்ல நேரடியா ஓடாது.

தமிழ் டைப்பிங்குக்கு ஐபஸ்-எம்17என் பேக்கேஜ் போட்டா தமிழ்99, பழைய டைப்ரைட்டர், போனெடிக் மூணும் வந்துடும், அப்பா எதுல பழகியிருக்காரோ அதையே வச்சுக் குடுங்க. ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி இன்னொண்ணு, அவரோட பழைய வேர்ட் ஃபைல்லாம் பாமினி மாதிரி பழைய, யூனிகோட் இல்லாத தமிழ் ஃபான்ட்ல இருந்தா அந்த ஃபான்ட் ஃபைலையும் சேத்து காப்பி எடுத்துக்கோங்க, இல்லன்னா லினக்ஸ்ல வேர்டுக்குப் பதிலா இருக்கிற லிப்ரே ஆஃபிஸ்ல தொறக்கும்போது வெறும் இங்கிலீஷ் எழுத்தா, ஒண்ணும் புரியாத மாதிரி தெரியும்.