மெய்நிகர் கணினியில் திறக்க மறுக்கும் செயலிகள்: கேள்வி பதில்

கேள்வி (கடலூர் முதுநகர், கல்லூரி மாணவி): ஐயா, விண்டோஸ் 11 மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் மெய்நிகர் கணினி, அதாவது மென்பொருளால் ஆன இன்னொரு கணினி, ஓட்டும் செயலி) வழியாக உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளம் போட்டு, மோங்கோடிபி 6 என்னும் தரவுத்தள மென்பொருளை நிறுவினேன். தொடங்கிய உடனே ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று காட்டி நின்றுவிடுகிறது. நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பயனில்லை. ரேமைக் கூட்டச் சொல்கிறார் கடைக்காரர்.

பதில்: ரேமுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் அம்மா. மோங்கோடிபி 5.0 முதல், ஏவிஎக்ஸ் என்னும் கட்டளைத் தொகுதி சிபியுவில் இருந்தே ஆக வேண்டும். தங்கள் சிபியுவில் அது இருந்தாலும், விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க வசதியான ஹைப்பர்-வி முன்னரே இயங்கிக்கொண்டிருந்தால், விர்ச்சுவல்பாக்ஸ் அதன் மேல் ஏறி ஓட வேண்டியிருப்பதால், உள்ளே உள்ள உபுண்டுவுக்கு ஏவிஎக்ஸ் எட்டாமல் போவதுண்டு. விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமை தெரிந்தால் ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது என்று பொருள். உபுண்டுவில் ‘எல்எஸ்சிபியு’ கட்டளையைக் கொடுத்து, ஃபிளாக்ஸ் வரியில் ஏவிஎக்ஸ் உள்ளதா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையெனில், விண்டோஸ் அம்சப் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் ஆகியவற்றையும், விண்டோஸ் பாதுகாப்பு அமைப்புகளின் கோர் ஐசொலேஷன் பகுதியில் மெமரி இன்டெக்ரிட்டியையும் அணைத்து, கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். கடைசியாகச் சொன்னது பாதுகாப்புக்கானது என்பதால், அதை அணைக்க எனக்கு மனமில்லை. பாடப் பயிற்சிக்கு மட்டும் என்றால், உபுண்டு 20.04-இல் பழைய மோங்கோடிபி 4.4 போதும், அதற்கு ஏவிஎக்ஸ் தேவையில்லை.

கேள்வி (விருத்தாசலம்): விண்டோஸ் மெய்நிகர் கணினியில் ‘விசிரன்டைம்140 டிஎல்எல் இல்லை’ என்று வருகிறது.

பதில்: மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை நிறுவுங்கள், செயலிக்குத் தேவையான அந்த டிஎல்எல் (துணை நிரல் கோப்பு) அதில்தான் வருகிறது. செயலி 32 பிட் என்றால், விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும், 32 பிட் பதிப்பே தேவை. டிஎல்எல் கோப்பை மட்டும் வேறு தளங்களிலிருந்து இறக்காதீர்கள்.

கேள்வி (புதுச்சேரி, இலாசுப்பேட்டை): உபுண்டு மெய்நிகர் கணினியில் பிளெண்டர் 4 என்னும் முப்பரிமாண வரைகலைச் செயலியின் சின்னத்தைச் சொடுக்கினால் எதுவுமே நடப்பதில்லை.

பதில்: சின்னத்தைச் சொடுக்காமல் டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) இருந்து தொடங்குங்கள், காரணம் அங்கே எழுத்தில் வரும். பிளெண்டர் 4 கேட்பது ஓபன்ஜிஎல் என்னும் வரைகலை இடைமுகத்தின் 4.3 பதிப்பு, மெய்நிகர் வரைகலை அட்டை பெரும்பாலும் அதைத் தருவதில்லை. லினக்ஸின் வரைகலை நூலகமான மெசாவின் மென்பொருள் வரைதலை (அட்டைக்குப் பதில் சிபியுவே வரைவது) கட்டாயப்படுத்தினால் திறக்கும், ஆனால் நகர்வதே பெரும்பாடு. தொழிலுக்கு என்றால் நேரடியாக மடிக்கணினியிலேயே நிறுவுவது நல்லது.

கேள்வி (நெல்லித்தோப்பு, தணிக்கையாளர் அலுவலகம்): எங்கள் கணினியில் உபுண்டு, கணக்கு மென்பொருள் அதனுள் விண்டோஸில் உள்ளது. யுஎஸ்பி உரிமச் சாவியைச் செருகியும் ‘சாவி இல்லை’ என்கிறது.

பதில்: சாவி இன்னும் உபுண்டுவின் கையில்தான் இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸின் டிவைசஸ் பட்டியலில் யுஎஸ்பியைத் திறந்து, அச்சாவியைத் தேர்ந்தெடுங்கள். பட்டியல் வெறுமையாக இருந்தால், உபுண்டுப் பயனரை ‘விபாக்ஸ்யூசர்ஸ்’ குழுவில் சேர்த்துவிட்டு, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள்.