வவுனியாவா, மாமா கட்டும் கொழும்புக் கட்டணமா?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் வர்த்தகப் பிரிவில் உயர்தரம் எழுதினேன். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் திட்ட முகாமைத்துவம் படிக்க இடம் வந்திருக்கிறது. கனடாவில் இருக்கும் மாமா, கொழும்பில் தனியார் பல்கலைக்கழகத்தில் கணினி படி, பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். எதை எடுப்பது?

தங்கச்சி, வவுனியாவுக்குப் போங்கள். எங்கள் வீட்டில் இரண்டும் நடந்தன. நான் அரச பல்கலைக்கழகத்தில் படித்தேன், என் தம்பி தனியாரில் படித்தான். அதனால் எங்கள் கதையிலிருந்தே சொல்கிறேன்.

நாங்கள் ஒட்டுசுட்டானுக்குப் பக்கம். முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் குடும்பம். நான் சாதாரண தரம் எழுதியது 2009 இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் இருந்தபடி. உயர்தரம் 2012. முதல் தடவையிலேயே இடம் கிடைத்தது. அப்போது உறவுக்காரர் ஒருவர், "கோட்டாவில் கிடைத்த இடம்தானே" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். உங்களிடமும் யாராவது சொல்வார்கள், அதனால் இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அரச பல்கலைக்கழகங்களின் பெரும்பாலான படிப்புகளுக்கான அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை வரிசைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. ஆய்வுகூடம் இல்லாமல், பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமல், ஒரு ரியூசனுக்காகப் பஸ் ஏறி இறங்கிப் படித்த பிள்ளைகளுக்காகத்தான் அந்த ஏற்பாடு. உங்கள் வெட்டுப்புள்ளி கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைவிடக் குறைவாக இருக்கலாம். அதற்காகத் தலை குனியாதீர்கள். அந்த இடம் உங்களுடையது.

என் படிப்பு வன்னிக்கு வெளியே நடந்தது, பெயர் வேண்டாம். கட்டணம் ஒரு சதமும் இல்லை. மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தது, விடுதியில் இடம் கிடைத்தது. அப்பா எனக்காகக் கடன் வாங்கியதே இல்லை. ஆனால் எல்லாம் சுகமாக இருந்தது என்று சொன்னால் பொய். முதல் மூன்று மாதம் மூத்த மாணவர்களின் பகிடிவதை. 1998 ஆம் ஆண்டிலேயே அதற்கெதிராகச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் விடுதி அறைக்குள் இரவு பத்து மணிக்குச் சட்டம் வரவில்லை. போரிலிருந்து மிஞ்சி வந்த பிள்ளையை, சிரி என்று சொல்லிச் சிரிக்க வைத்தார்கள். இன்றைக்கும் என்னால் அதை மன்னிக்க முடியவில்லை. உங்களுக்கு அப்படி நடந்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள், எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். அடுத்தது காலம். வேலைநிறுத்தம், பரீட்சை ஒத்திவைப்பு என்று நான்கு வருடப் பட்டம் ஐந்தரை வருடமானது. பிறகு உயர்தரமே பிந்தியது: 2022 ஆம் ஆண்டுக்கான பரீட்சையை 2023 ஜனவரியில் தொடங்கி, பெறுபேற்றை அந்த வருடம் செப்டெம்பரில்தான் வெளியிட்டார்கள். காத்திருப்பு என்பது அரச பக்கத்தின் உண்மையான விலை. உங்கள் மாமா இதைச் சொல்லியிருந்தால் அவர் சொன்னது சரி.

தம்பி 2018 இல் எழுதினான். வெட்டுப்புள்ளியை மயிரிழையில் தவறவிட்டான். லண்டனில் இருந்த சித்தப்பா, உங்கள் மாமாவைப் போலவே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நல்ல மனிதர், மனதாரத்தான் சொன்னார். 2019 இல் தம்பி கொழும்பில் சேர்ந்தான். முதல் வருடம் அவன் அனுப்பிய படங்களைப் பார்த்து நானே ஏங்கினேன். விரிவுரைகள் சொன்ன நாளில் நடந்தன. ஆங்கிலத்தில் பேச அவன் கூச்சத்தை விட்டான். இரண்டாம் வருடத்திலேயே நிறுவனங்களுக்குப் பயிற்சிக்குப் போகும் வழியைக் காட்டினார்கள். இந்த விடயங்களில் என் படிப்பைவிட அவனுடையது மேல்.

2020 இல் கொவிட் வந்தது. சித்தப்பா வேலை செய்த உணவகத்தை மூடிவிட்டார்கள். அவர் கோல் எடுத்து அழுதார். தம்பி வீட்டுக்கு வந்து, கைபேசிக்குச் சிக்னல் தேடிக் குளக்கட்டில் ஏறி நின்று வகுப்புக் கேட்டான். தவணைப் பணத்தை அப்பா கட்டத் தொடங்கினார். 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை. அடுத்த மாசியில் அறுத்த காலபோகத்தில் வழக்கமாக வரும் மூட்டையில் பாதிகூட வீட்டுக்கு வரவில்லை. அதே நேரத்தில்தான் ரூபாய் விழுந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 350 ஐத் தாண்டியது. பிரித்தானியப் பவுணும் அப்படித்தான். தம்பியின் பட்டத்தைத் தருவது ஓர் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம். இறுதி வருடத்தில் அவர்களுக்குப் போகும் பகுதி பவுண் கணக்கில் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. சேர்ந்த நாளில் அந்த வரியை எங்களில் யாரும் கவனிக்கவில்லை.

அப்பா வயல் உழும் லான்ட்மாஸ்டர் இயந்திரத்தை விற்றார். போதவில்லை. அம்மா முள்ளிவாய்க்காலிலிருந்து உடம்போடு ஒட்டிக்கொண்டு வந்த தாலிக்கொடியைக் கழற்றி அடகு வைத்தார். ஆறு மாதம் பதக்கம் இல்லாமல் மஞ்சள் கயிற்றோடு கோயிலுக்குப் போனார். 2020 இல் பட்டதாரிகளை அரச சேவைக்கு எடுத்தபோது எனக்கும் அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனம் கிடைத்திருந்தது. அந்தச் சம்பளத்தில்தான் கொடியை மீட்டோம். எங்கள் வீட்டில் ஒருவராவது கட்டணமில்லாமல் படித்திருந்ததால் மற்றவர் படிப்பை முடிக்க முடிந்தது. இரண்டு பேருமே கட்டணத்தில் படித்திருந்தால் தம்பி இறுதி வருடத்தில் நின்றிருப்பான்.

தம்பி முடித்துவிட்டான், இப்போது கொழும்பில் மென்பொருள் வேலை, என்னைவிடச் சம்பளம் கூட. ஆகவே தனியார் படிப்பு வீண் என்று நான் சொல்லவே மாட்டேன். அவனுக்கு வேறு இடம் இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது, வித்தியாசம் அதுதான்.

கணினி மீது உங்களுக்கு உண்மையான ஆசை இருந்தால் அதை விட வேண்டாம். திட்ட முகாமைத்துவம் படித்தவர்களை மென்பொருள் நிறுவனங்களும் வேலைக்கு எடுக்கின்றன. பட்டத்தோடு சேர்த்து நிரலாக்கத்தைத் தனியாகப் படிக்கலாம். அந்தச் சிறு செலவுக்கு மாமாவிடம் கேளுங்கள், ஒரு நல்ல மடிகணினியையும் கேளுங்கள். அதைக் கொடுத்துவிட்டு அவருக்கு வேலை போனாலும் உங்கள் படிப்பு நிற்காது. வவுனியா, யாழ் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. ஏ9 வீதியில் பஸ் பிடித்து மாங்குளம் வந்தால் வார இறுதியில் வீட்டுச் சோறு. சின்ன விடயமாகத் தெரியும். முதல் வருடத்தில் அது எவ்வளவு பெரிய துணை என்று விடுதியில் அழுத எனக்குத் தெரியும்.

இதற்கு மேலும் கொழும்புதான் என்றால், மாமாவிடம் முழுக் கட்டணத்தையும் முதலிலேயே உங்கள் பெயரில் வைப்பிலிடச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் கோபிக்காதீர்கள், அந்தத் தயக்கத்திலேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும். கட்டணத்தில் எந்தப் பகுதி வெளிநாட்டு நாணயத்தில் என்று எழுத்தில் வாங்குங்கள். பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று நிறுவனத்திடம் கேட்காமல் ஆணைக்குழுவிடமே கேளுங்கள். மாலபே சைட்டம் தனியார் மருத்துவக் கல்லூரியில் பெரும் பணம் கட்டிச் சேர்ந்த பிள்ளைகள், அங்கீகாரச் சண்டையில் வருடக்கணக்காக நடுவில் நின்றார்கள். 2017 இல் அந்தக் கல்லூரியையே இல்லாமலாக்குவதாக அரசு அறிவித்தது, 2018 இல் பிள்ளைகளைக் கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அரசின் வட்டியில்லாக் கடனையும் சிலர் சொல்வார்கள். அது இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கான திட்டம். இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பதிவுக்கான கடைசி நாளை இன்றே பார்த்துக் குறித்துவையுங்கள். மாமாவுக்கு எப்படிச் சொல்வது என்று பயமாக இருந்தால் கீழே எழுதுங்கள். நானும் அம்மாவும் அவரோடு பேசுகிறோம். அம்மா பேசினால் அவர் கேட்பார்.