டயரில் குத்தியிருந்த தட்டையான எஃகுத் துண்டு என்னவாக இருக்கும்?

ஆணியும் அல்லாத, திருகும் அல்லாத, விரல் நீளமுள்ள தட்டையான எஃகுத் துண்டு ஒன்று காரின் பின்சக்கர டயரில் குத்தியிருந்தது. அது என்ன, யாராவது வேண்டுமென்றே செருகியிருப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே பதில் சொன்னவர்களில் ஒருவர் "ஆணிதான், வேறென்ன" என்று முடித்துவிட்டார். இன்னொருவர் பக்கத்து வீட்டுக்காரர் மீது ஒரு கண் வைக்கச் சொல்கிறார். இரண்டுமே பொருளைப் பாராமல் சொன்னவை. நீங்கள் தந்திருக்கும் வர்ணனையைப் பார்த்தால், அது சாலையைக் கூட்டும் இயந்திரத்தின் தூரிகையிலிருந்து முறிந்து விழுந்த கம்பி என்றே எனக்குப் படுகிறது.

இந்த இயந்திரங்களில் பொதுவாக இருவகைத் தூரிகைகள் இருக்கும். வண்டிக்கு அடியில் உருளையாகச் சுழல்வது ஒன்று. பக்கவாட்டில் கிடைமட்டமாகச் சுழன்று, சாலையோரத்தில் படிந்த மண்ணையும் குப்பையையும் உட்புறமாகத் தள்ளுவது மற்றொன்று. இந்த ஓரத் தூரிகையில் பெரும்பாலும் வளைத்துவிட்டால் துள்ளி நிமிரும் வில் எஃகில் செய்த தட்டையான கம்பிகளைக் கொத்துக் கொத்தாகப் பொருத்தியிருப்பார்கள். ஒவ்வொரு கம்பியும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலமும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனும் கொண்டது. தரையில் பட்டு வளைவதும் நிமிர்வதுமாக ஓயாமல் உழைக்கிற உலோகம் ஒரு கட்டத்தில் சோர்ந்து முறிகிறது. முறிந்த துண்டு அங்கேயே சாலையில் கிடக்கிறது.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்றால், இதே போன்ற ஒரு துண்டை வைத்துக்கொண்டு என்னை ஒரு பெரிய சந்தேகத்துக்குள் தள்ளப் பார்த்தார்கள். சில நாட்களாகவே பின்பக்க இடது டயரில் காற்று மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி மெல்லப் போகும்போது 'டிக், டிக்' என்று சீரான ஓர் ஒலியும் கேட்டது. கார் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர் என்பதால், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குச் சுமார் 3 முறை சுழலும். வேகத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறைந்ததால், சக்கரத்தோடு சுழலும் ஏதோ ஒன்று தரையில் தட்டுகிறது என்று தெரிந்துகொண்டு டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் சோப்புத் தண்ணீர் ஊற்றி, குமிழி வந்த இடத்தில் குறடால் பிடித்து இழுத்தார். துண்டு வெளியே வந்ததும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தானா ஏறல சார், யாரோ வேலை பண்ணியிருக்காங்க" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். அங்கே காத்திருந்த மற்ற இருவரும் உடனே துணைக்கு வந்தார்கள். வண்டியை எங்கே நிறுத்துகிறேன், அந்த இடத்துக்காக யாருடனாவது தகராறு உண்டா என்றெல்லாம் விசாரணை தொடங்கிவிட்டது. தகராறு இருந்தது என்பதுதான் சங்கடம். ஆனால் அதற்கும் டயருக்கும் முடிச்சுப் போட நான் தயாராக இல்லை. குப்பைத் தொட்டிக்குப் போகவிருந்த துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் அதை விளக்கின் அடியில் வைத்துப் பார்த்தேன். ஒரு முனை சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக, வளைந்து ஒடிந்ததைக் காட்டியது. மறுமுனை ஒரு பக்கமாகச் சாய்ந்து, மழமழவென்று தேய்ந்து பளபளத்தது. கைக் கருவியால் அராவியிருந்தால் குறுக்குக் கீறல்கள் தெரிந்திருக்கும். இங்கே இருந்தவை எல்லாம் ஒரே திசையில் ஓடிய நுண்ணிய கோடுகள். வளைத்துவிட்டபோது துள்ளி நிமிர்ந்தது. ஓட்டுகிற ஆணி இப்படி நிமிராது, வளைந்தபடியே நிற்கும். காந்தமும் பலமாகப் பிடித்தது. ஆகவே வில் எஃகு, தரையில் நெடுநாள் ஒரே திசையில் உரசியது, கடைசியில் ஒடிந்தது. மறுவாரம் அதிகாலையில் சாலையைக் கூட்டிச் சென்ற இயந்திரத்தின் பின்னாலேயே சிறிது தூரம் நடந்தேன். ஓரத்து மண்ணில் அதே அகலத்தில் துண்டுகள் கிடந்தன. ஓட்டுநரிடம் என் கையிலிருந்ததைக் காட்டி, "அண்ணே, இது உங்க வண்டியோடதா?" என்று கேட்டேன். அவர் இறங்கி வந்து ஓரத் தூரிகையைக் காட்டினார்; பாதி தேய்ந்திருந்த அந்தக் கொத்தில் என் துண்டை வைத்துப் பார்த்தால் வேறுபாடே தெரியவில்லை.

டயர் கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது, "எதுவா இருந்தா என்ன சார், ஓட்டை ஓட்டைதான்" என்றார். இங்கும் அப்படிச் சொல்கிறவர்கள் வருவார்கள் என்று தெரியும். ஓட்டை ஓட்டைதான், ஆனால் எல்லா ஓட்டையும் ஒன்றல்ல. ஆணி போடுவது வட்டத் துளை. இந்தக் கம்பி போடுவது கீறல். கீறல் என்றால் டயருக்குள் இருக்கும் இழைகள் சில அறுபட்டிருக்க வாய்ப்புண்டு. ஆகவே வெளியிலிருந்து ரப்பர் திரியைச் செருகி அனுப்பிவிடாமல், டயரைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்து, உள்ளிருந்து ஒட்டுகிறவரிடம் கொடுங்கள். காற்றில்லாமல் சிறிது தூரம் ஓட்டியிருந்தால் உள்ளே பக்கச் சுவர் நசுங்கி அரைபட்டுக் கருப்புத் தூளாக உதிர்ந்திருக்கும். அதைக் கண்டால் ஒட்டுவதில் பொருளில்லை, டயரையே மாற்ற வேண்டும். பொதுவாகத் துளை, டயரில் தரையைத் தொடும் பகுதியான டிரெட்டின் நடுப்பகுதியில், 6 மில்லிமீட்டருக்கு மிகாமல் இருந்தால்தான் ஒட்டலாம் என்பார்கள். டிரெட்டும் பக்கச் சுவரும் சேரும் தோள்பட்டையிலும், பக்கச் சுவரிலும் ஒட்டக்கூடாது.

இனி, வேண்டுமென்றே செருகியிருப்பார்களா என்ற கேள்வி. டிரெட்டுக்கு அடியில் எஃகுப் பட்டைகள் இருக்கின்றன. இவ்வளவு மெல்லிய, வளையக்கூடிய கம்பியைக் கையால் அதன் வழியே செலுத்த முடியாது. அழுத்தினால் கம்பிதான் மடங்கும். 1,200 கிலோ எடையுள்ள காரில் ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ 300 கிலோவைத் தாங்குகிறது. முன்சக்கரம் ஏறியதும் தட்டையாகக் கிடந்த துண்டு எழும்பி நிற்க, அந்த நொடியில் பின்சக்கரம் அவ்வளவு எடையோடு அதன் மீது ஏறுவதுதான் வழக்கமான வழி; பின் டயர்களில் இவை அதிகம் சிக்குவதற்கும் அதுவே காரணம். நிற்கும் வண்டியின் டயருக்கு அடியில் ஆணியை முட்டுக் கொடுத்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு விறைப்பான ஆணி வேண்டும். டயரைக் கெடுக்க நினைப்பவர் பெரும்பாலும் மென்மையான பக்கச் சுவரைத்தான் குத்துவார். பூட்டுத் திறப்பதைப் பொழுதுபோக்காகப் பயில்கிறவர்கள் இந்தக் கம்பிகளைச் சாலையோரத்தில் பொறுக்கி, அராவித் தங்கள் கருவியாக்கிக்கொள்வது உண்மைதான். அதைக் கேள்விப்பட்ட யாராவது உங்களிடம் "திருடன் போட்டது" என்று இன்னொரு கதை சொன்னால் அதையும் நம்பிவிடாதீர்கள்.

உங்கள் துண்டு நான் சொன்ன சோதனைகளில் தேறாவிட்டால் வேறு சில பொருள்களையும் யோசிக்கலாம். முடி போல மெல்லியதாக, பொன்னிறச் சாயலோடு இருந்தால் அது வெடித்துச் சிதறிய லாரி டயரின் உட்கம்பி. ரப்பர் பிடிப்பதற்காக அதற்குப் பித்தளைப் பூச்சு கொடுப்பார்கள். ஓரத்தில் கொக்கியும், மேலே கிராம் கணக்கில் ஓர் எண்ணும் இருந்தால், சக்கரத்தைச் சமன்செய்ய ரிம்மில் மாட்டும் எடை கழன்று விழுந்தது. அளவுக்கு மீறிக் கனத்து, அரம் வைத்தால் அரமே வழுக்கினால், பழைய தார்ச்சாலையைச் சுரண்டும் இயந்திரத்தின் டங்ஸ்டன் கார்பைடு முனையாக இருக்கலாம். அது எஃகைப் போல ஏறத்தாழ இருமடங்கு அடர்த்தி கொண்டது. டிரெட் பள்ளங்களுக்குக் குறுக்கே தெரியும் சிறு ரப்பர் மேடுகளையும் சிலர் ஏதோ சிக்கியது என்று நோண்டுகிறார்கள். அவை டயரோடு வார்த்தவை; தேய்மானம் 1.6 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வந்துவிட்டதைக் காட்டுபவை, தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இன்னொரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். இப்போது பல கார்களில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஓட்டையடைக்கும் திரவக் குப்பியைத் தருகிறார்கள். எடை குறையும், இடம் மிச்சமாகும் என்கிறார்கள். அந்தத் திரவம் உள்ளே பசையாகப் பரவிவிட்டால், எங்கே குத்தியது, எவ்வளவு கிழிந்தது என்று பார்ப்பதே கடைக்காரருக்குப் பெரும்பாடு. கழுவ வேண்டியிருக்கிறது என்று வேலையையே மறுக்கிறவர்களும் உண்டு. உங்களிடம் ஸ்டெப்னி இருந்தால் முதலில் அதை மாட்டுங்கள். குப்பியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். குத்திய பொருளையும் வழியில் பிடுங்காதீர்கள், பல நேரங்களில் அதுவே துளையை அடைத்துக்கொண்டிருக்கும்.

துண்டு இன்னும் கையில் இருந்தால் அகலத்தை அளந்து, இரு முனைகளையும் அருகில் வைத்துப் படமெடுத்துக் கேள்வியோடு சேர்த்துவிடுங்கள். அகலம் 3 மில்லிமீட்டரிலிருந்து வெகுவாக விலகியிருந்தாலோ, குத்தியது பக்கச் சுவரில் என்றாலோ என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன்.