இரண்டு ஜெட் ஸ்கீ, ஒரு ட்ரெய்லர், எட்டடிக் கதவு

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் ஏஜக்ஸ் நகரில் வசிக்கிறோம். இந்த ஆண்டு யமஹா விஎக்ஸ் ரகத்தில் இரண்டு ஜெட் ஸ்கீகள் (நீரில் ஓடும் மோட்டார் வண்டிகள்) வாங்கியிருக்கிறோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றக்கூடிய ஒரே ட்ரெய்லரை வாங்கி, கோடையில் சிம்கோ ஏரிக்குக் கொண்டுபோய், மற்ற நாட்களில் கராஜுக்குள் வைப்பதே எங்கள் எண்ணம். எங்களுடையது இரண்டு கார் நிற்கும் கராஜ்; நடுவில் ஒரு தூணும், இருபுறமும் 8 அடி அகலமான இரண்டு கதவுகளும் உள்ளன. ரொயோற்றா சியன்னா வான் ஒன்றும் ராவ்4 ஹைபிரிட் ஒன்றும் வைத்திருக்கிறோம். எந்த ட்ரெய்லரை வாங்கலாம்?

பதில்: ட்ரெய்லருக்கு முற்பணம் எதுவும் கொடுத்துவிடவில்லை என்று நம்புகிறேன், ஏனென்றால் நீங்கள் விரும்பும் ட்ரெய்லர் எந்தக் கம்பனியுடையதாக இருந்தாலும் உங்கள் கராஜ் கதவுக்குள் நுழையாது. காரணம் ட்ரெய்லரில் இல்லை, ஜெட் ஸ்கீயின் அகலத்தில் இருக்கிறது. விஎக்ஸ் ஒன்றின் அகலம் ஏறத்தாழ 122 சென்ரிமீற்றர். இரண்டையும் ஒன்றோடொன்று முட்ட வைத்தாலே 244 சென்ரிமீற்றர் வந்துவிடுகிறது, எட்டடிக் கதவின் முழு அகலமும் அதே 244 சென்ரிமீற்றர்தான். ஓடும்போது அவை ஒன்றையொன்று உரசாமலிருக்க நடுவில் சிறிது இடைவெளி வேண்டும். கதவுச் சட்டத்தின் இருபுறமும் குளிர்காற்றைத் தடுக்கப் பொருத்தியிருக்கும் இறப்பர் பட்டிகளும் சில சென்ரிமீற்றரை எடுத்துக்கொள்ளும். இரட்டை ட்ரெய்லர்கள் பெரும்பாலும் 2.4 மீற்றருக்கும் 2.6 மீற்றருக்கும் இடைப்பட்ட அகலத்தில் செய்யப்படுவதும் இதனால்தான். ஒன்ராறியோ வீதிகளில் வாகனத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அகலம் 2.6 மீற்றர் என்பதால் அதற்கு மேல் போக முடியாது. ஜெட் ஸ்கீகளின் அகலம் காரணமாக அதிகம் கீழே வரவும் முடியாது.

கராஜின் உள் அகலத்தை மட்டும் அளந்துவிட்டு, ஐந்தரை மீற்றர் இருக்கிறதே, தாராளமாகக் கொள்ளும் என்று எண்ணி ஏமாறுவது உங்களைப் போன்ற வீட்டமைப்பு உள்ளவர்களுக்கு மிக எளிதாக நேரக்கூடியது. உள்ளே இருக்கும் இடத்தைத் தூண் குறைப்பதில்லை, நுழையும் வழியையே குறைக்கிறது. தூணை எடுத்துவிட்டு 16 அடிக் கதவு ஒன்றைப் போடலாம் என்று சிலர் யோசனை சொல்லக்கூடும். அந்தத் தூண் மேலே உள்ள சுவரையும், பல வீடுகளில் மேல் மாடியையும் தாங்குகிறது. அதை அகற்றுவதென்றால் பொறியியலாளரின் வரைபடம், நகரசபையின் கட்டட அனுமதி, புதிய உத்தரம் எல்லாம் வேண்டும். ஒரு ட்ரெய்லருக்காக அவ்வளவு தூரம் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான் உங்களுக்குச் சொல்வது, ஓர் இரட்டை ட்ரெய்லருக்குப் பதிலாக இரண்டு ஒற்றை ட்ரெய்லர்களை வாங்குங்கள் என்பதே. கேட்டதற்கு மாறான பதிலாக இது தோன்றலாம், ஆனால் உங்கள் வாகனங்களைப் பார்த்தபோதுதான் எனக்கு இது உறுதியானது. கணக்கைப் பாருங்கள். விஎக்ஸ் ஒன்றின் வெற்று எடை சுமார் 350 கிலோ, அதன் எரிபொருள் தாங்கி 70 லீற்றர் கொள்ளும், நிரப்பினால் பெற்றோல் மட்டும் 52 கிலோ அளவில் வரும். இரண்டையும் ஏற்றி, ட்ரெய்லருக்கு ஒரு 200 கிலோவும் கயிறு, உயிர்காப்பு அங்கி போன்றவற்றுக்கு 30 கிலோவும் சேர்த்தால் மொத்தம் 1,030 கிலோவைத் தாண்டிவிடும். சியன்னா ஹைபிரிட் 1,588 கிலோ வரை இழுக்கும், ஆகவே அதற்குப் பிரச்சினை இல்லை. 2025ஆம் ஆண்டு வரையான ராவ்4 ஹைபிரிட்டுக்குக் கனடாவில் குறிக்கப்பட்ட எல்லை 794 கிலோதான். இரட்டை ட்ரெய்லரை வாங்கினால், வான் பழுதுபார்க்கப் போயிருக்கும் வாரங்களில் உங்களால் ஏரிக்கே போக முடியாது. ஒற்றை ட்ரெய்லரோடு ஒரு ஜெட் ஸ்கீ என்றால் 550 கிலோவுக்குள் அடங்கும். அதை இரண்டு வாகனங்களில் எதுவும் இழுக்கும்.

கராஜுக்குள் வைக்கும் விதம் இதுதான். ஒற்றை ட்ரெய்லர்கள் ஒவ்வொன்றாக ஒரே கதவால் உள்ளே போகும். முதலாவதைப் பின்னோக்கி உள்ளே விட்டு, வாகனத்திலிருந்து கழற்றி, முன் ஜாக்கியில் இருக்கும் சிறு சில்லின் மீது இரண்டு பேராகப் பக்கச் சுவரோடு ஒதுக்கிவிடுங்கள். சமமான கொங்கிரீட் தரையில் இது கடினமான வேலையல்ல. இரண்டாவது அதன் பக்கத்தில் வரும். உள்ளே தூண் இல்லாததால் இரண்டாவது ட்ரெய்லர் தூணின் நேர்கோட்டைச் சிறிது தாண்டி நின்றாலும் தடையில்லை, மற்றக் கதவால் ராவ்4ஐ உள்ளே விடலாம். பனிக்காலத்தில் ஒரு வாகனமாவது கூரைக்குக் கீழே நிற்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது இங்கே வாழ்கிற எவருக்கும் தெரியும். ஆனால் வீதியிலிருந்து கராஜுக்கு ஏறும் பாதை சரிவாக இருந்தால், ட்ரெய்லரை வாகனத்தோடு இணைக்கும் கொளுவியைக் கழற்றுவதற்கு முன் சில்லுகளுக்குக் கட்டை வைக்க மறவாதீர்கள். 500 கிலோ பின்னோக்கி உருளத் தொடங்கினால் அதைக் கையால் நிறுத்த எவராலும் முடியாது.

இதில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு வாகனங்களுக்கும் கொளுவி பொருத்த வேண்டும், இரண்டு ட்ரெய்லர்களுக்கும் தனித்தனி இலக்கத் தகடு எடுக்க வேண்டும், நீரில் இறக்கும் சாய்தளத்தில் இரண்டு முறை பின்னோக்கி ஓட்ட வேண்டும். இரண்டு சாரதிகள் எப்போதும் உடன் வருவார்களா என்பதையும் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். அது சரிவராது என்றால் மற்ற வழி, இரட்டை ட்ரெய்லரை வாங்கிக் கட்டண முற்றம் ஒன்றில் வைத்து, ஜெட் ஸ்கீகளை மட்டும் சில்லு வைத்த தாங்கிகளில் ஏற்றிக் கராஜுக்குள் குளிர்காலத்தைக் கழிக்க விடுவது. தாங்கியின் உயரம் ட்ரெய்லர் பலகையின் உயரத்துக்குச் சமமாக இருந்தால், தூக்காமலே வின்ச்சின் (ட்ரெய்லரின் முன்புறத்தில் கையால் சுற்றிப் பட்டியை இழுக்கும் கருவியின்) பிடியில் மெல்ல நகர்த்தி மாற்றலாம். 350 கிலோவை நான்கு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம் என்று மட்டும் முயல வேண்டாம்.

கேள்வி: பிரம்ரனில் எங்கள் வீட்டுக் கராஜின் கதவு 16 அடி அகலம், ஆகவே அகலத்தில் தொல்லை இல்லை. ஆழம்தான் குறைவு. பின்சுவர் வரை 5.8 மீற்றர், ஆனால் வீட்டுக்குள் ஏறும் படிக்கட்டு ஒரு மூலையில் கிட்டத்தட்ட ஒரு மீற்றரை எடுத்துக்கொள்கிறது. முன்கம்பத்தை மடிக்கக்கூடிய இரட்டை ட்ரெய்லர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். அவை உறுதியானவையா?

பதில்: உறுதியானவைதாம். கம்பம் மடியும் மூட்டு ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்து, பூட்டு ஊசி முழுவதும் இறங்கியிருந்தால் ஐயப்பட வேண்டியதில்லை. வாகனத்துடன் கொளுவும் அந்த நீண்ட கம்பம் பக்கவாட்டில் மடிந்து ட்ரெய்லரின் முகத்தோடு ஒட்டிக்கொள்வதால் பொதுவாக 60 முதல் 75 சென்ரிமீற்றர் வரை மிச்சமாகும். ஒற்றைக் கம்பமாக நீளும் அமைப்பில்தான் இது இயலும். இரண்டு கம்பங்கள் முக்கோணமாகக் கூடும் அமைப்பை மடிக்க முடியாது. ஆகவே பழைய ட்ரெய்லரை வாங்கிப் பின்னர் மூட்டுப் பொருத்த எண்ணினால் முதலில் முன்பகுதியின் வடிவத்தைப் பாருங்கள்.

ஆனால் விற்பனைப் பட்டியலில் இருக்கும் 'மடித்த நீளம்' உங்களுக்கு வேண்டிய அளவு அல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அது வெறும் ட்ரெய்லரின் நீளம். ஜெட் ஸ்கீயின் பின்புறம் சட்டத்தைத் தாண்டி வெளியே நீண்டு நிற்பது வழக்கம், முன்மூக்கும் வின்ச் கம்பத்துக்கு மேலாக நீளும். கம்பத்தை மடித்தபின் உங்கள் கராஜின் ஆழத்தோடு போட்டியிடுவது இரும்புச் சட்டமல்ல, ஜெட் ஸ்கீதான். சீ-டூ ஸ்பார்க்கின் மூவர் அமரும் வகை 305 சென்ரிமீற்றர் நீளம், யமஹா எஃப்எக்ஸ் 358 சென்ரிமீற்றர். இந்த அரை மீற்றர் வித்தியாசம் ட்ரெய்லர் பட்டியலில் எங்கும் தெரியாது. கடைக்காரரிடம் உங்கள் ஜெட் ஸ்கீயையோ அதே ரகத்தில் ஒன்றையோ ஏற்றிக் காட்டச் சொல்லி, மூக்கிலிருந்து வால் வரை நீங்களே நாடாவால் அளந்து, வீட்டுக்கு வந்து அந்தச் செவ்வகத்தைக் கராஜ் தரையில் சுண்ணக்கட்டியால் வரையுங்கள். அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தால், குப்பைத் தொட்டியை எடுக்கவும் வீட்டுக்குள் ஏறவும் வழி இருக்கிறதா என்பது உடனே விளங்கிவிடும். கதவு மூடும்போது உள்ளே வளைந்து இறங்கும் இடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

படிக்கட்டு இருக்கும் பக்கத்தில் ட்ரெய்லரை விடாதீர்கள். அந்தப் பக்கத்துக்குக் கார் வரட்டும். காரின் மூக்குத் தாழ்ந்தது, படியருகே சில சென்ரிமீற்றர் விட்டு நிறுத்தலாம். உயர்ந்து நீளும் ஜெட் ஸ்கீயின் அடியில் படியேறும் குழந்தைகள் தலையை இடித்துக்கொள்வார்கள்.

மடிக்கும் வரிசையையும் அறிந்துகொள்ளுங்கள். கம்பம் நேராக இருக்கும்போதுதான் வாகனத்தால் பின்னோக்கித் தள்ள முடியும். வால் பின்சுவரை நெருங்கியதும் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கழற்றி, அதன் பிறகே மடிக்க வேண்டும். ஜாக்கி மூட்டுக்கு முன்னால் பொருத்தப்பட்டிருந்தால் கம்பம் மடியும்போது அதுவும் கூடப் போய்விடும், முன்புறத்தைத் தாங்க ஒன்றும் இராது. ஆகவே ஜாக்கி மூட்டுக்குப் பின்னால் இருக்கும் ட்ரெய்லரையே தேர்ந்தெடுங்கள். பாதுகாப்புச் சங்கிலிகளுக்கும் இதே விதிதான். அவை மடியும் துண்டில் மட்டும் பிணைக்கப்பட்டிருந்தால், மூட்டு கழன்றுவிட்ட நேரத்தில் சங்கிலி வாகனத்தோடு போகும், ட்ரெய்லர் நெடுஞ்சாலையில் நிற்கும். சங்கிலியின் மறுமுனை பிரதான சட்டத்தில் பிணைக்கப்பட்டிருப்பதைக் கண்ணால் பார்க்காமல் எந்த ட்ரெய்லரையும் வாங்காதீர்கள். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் ஊசியையும், மூட்டைக் கடக்கும் மின்கம்பி நசுங்காமல் தளர்வாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: கராஜில் இடமே இல்லை. வீட்டு முன்பாதையில் ட்ரெய்லரை நிறுத்தலாமா? (மார்க்கம்)

பதில்: வாங்குவதற்கு முன் நகரசபையின் விதிகளைப் பார்த்துவிடுங்கள். ஒன்ராறியோவில் பல நகரசபைகள் வீட்டின் முன்புறத்தில் படகையும் ட்ரெய்லரையும் நிறுத்துவதற்கு நாட்கணக்கிலும் அளவிலும் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன, ஒவ்வொரு நகரத்திலும் அது வேறுபடும். வெளியே நிறுத்த அனுமதி இருந்தால் கொளுவிக்கும் சில்லுக்கும் பூட்டுப் போடுங்கள்.

கேள்வி: வர்ணம் பூசிய பழைய இரட்டை ட்ரெய்லர் ஒன்று குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்? (ஸ்காபரோ)

பதில்: நன்னீர் ஏரிகளில் மட்டும் இறக்குவதென்றால் வர்ணம் பூசிய இரும்பும் பல ஆண்டுகள் நிற்கும், நாகமுலாம் பூசியதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. துரு வெளியே தெரியும் இடத்தைவிட, குழாய்ச் சட்டத்தின் உட்புறமும் அச்சு சட்டத்தோடு சேரும் இடமும்தான் முக்கியம். சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள், மந்தமான ஒலி வந்தால் அங்கே இரும்பு மெலிந்திருக்கிறது. ஜெட் ஸ்கீ அமரும் தாங்கு பலகையின் கம்பளத்தைக் கையால் அழுத்துங்கள். கீழே மரம் மெத்தென்று அமுங்கினால் பலகையை மாற்ற வேண்டியிருக்கும், அது பெரிய செலவல்ல.

ரயர்களை அவற்றின் பள்ளங்களின் ஆழத்தால் மட்டும் மதிப்பிடக் கூடாது. ட்ரெய்லர் ரயர் தேய்வதற்கு முன்பே வயதால் வெடிக்கும். பக்கச் சுவரில் டிஓடி எழுத்துகளுக்குப் பின் முடியும் நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் என்று பொருள். அத்தகைய ரயரின் விலையைப் பேரத்தில் கழித்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் நான் அதிகம் கவலைப்படுவது பெயரிங்கைப் பற்றித்தான். ஏரி வரை ஓடிச் சூடேறிய சில்லுக்குடம் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த இறப்பர் வளையம் வழியாக நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த நீர் கிறீஸைக் கெடுக்கிறது, ஒரு குளிர்காலம் முழுவதும் கராஜில் நின்றபடியே பெயரிங் துருப்பிடிக்கிறது. ஒவ்வொரு சில்லையும் ஜாக்கியில் உயர்த்திச் சுழற்றிப் பாருங்கள். கரகரப்பு கேட்டாலோ, மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தளர்வு தெரிந்தாலோ, அங்கேயிருந்து இழுத்துக்கொண்டு வீடு வர வேண்டாம், கழற்றிப் புதிய பெயரிங் போட்டு எடுத்து வாருங்கள். அதன் பிறகும், பருவம் முடிந்து உள்ளே நிறுத்தும் முன் பழைய கிறீஸை நீக்கிப் புதியதை நிரப்புவது நல்லது.

விற்பவரிடம் ட்ரெய்லருக்குரிய உரிமைப் பத்திரம் இருக்கிறதா என்றும், அதிலுள்ள இலக்கமும் சட்டத்தில் பொறித்த இலக்கமும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். சுமையோடு சேர்த்து 1,360 கிலோவுக்குக் கீழே இருக்கும் ட்ரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும் என்று ஒன்ராறியோச் சட்டம் கேட்பதில்லை, ஆகவே இரண்டு ஜெட் ஸ்கீ ஏற்றும் ட்ரெய்லரில் பிரேக் இல்லை என்பதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். ஏரியிலிருந்து புறப்படும்போது ஜெட் ஸ்கீகளின் வடிகால் அடைப்பான்களைக் கழற்றி, ட்ரெய்லரின் சட்டத்திலும் அச்சிலும் சுற்றியிருக்கும் நீர்ப்பாசிகளை அகற்றிவிடுங்கள். 2022 ஜனவரி 1 முதல் இது சட்டப்படியான கடமை. சட்டத்துக்காக மட்டுமன்றி, மூடிய கராஜுக்குள் நீர் சொட்டிக்கொண்டு நிற்கும் ட்ரெய்லர் விரைவில் துருப்பிடிக்கும் என்பதற்காகவும், உள்ளே விடுவதற்கு முன் ஒரு பகல் வெயிலில் காயவிடுங்கள்.