ஓர் ஊர் நகரமா, கிராமமா என்பதை எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்?

இராமேசுவரம் நகராட்சியாகவும், அதே தீவிலுள்ள பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சிகளாகவும் இருப்பதைப் பார்ப்பவருக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்பே.

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என அரசு அறிவித்த ஊர்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நேரடியாக நகரமாகக் கொள்கிறது. அவ்வாறு அறிவிக்கப்படாத ஊரிலும் குறைந்தது 5,000 பேர் வசித்து, சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது நெருங்கியிருந்து, முதன்மை உழைப்பாளர்களான (ஆண்டில் ஆறு மாதமாவது வேலை செய்த) ஆண்களில் 75 விழுக்காட்டினராவது வேளாண்மை அல்லாத தொழிலில் இருந்தால், 2011 கணக்கெடுப்பு அதையும் நகரப் பட்டியலில் சேர்த்தது. ஆண்களை மட்டும் எண்ணுவது எனக்கு உடன்பாடில்லை. கடற்பாசி எடுக்கும், கருவாடு காயவைக்கும் பெண்களின் உழைப்பு இந்த அளவுகோலில் இடம்பெறுவதே இல்லை.

மக்கள் நெருங்கி வாழ்ந்து, நிலத்தை நம்பாமல் பிழைக்கும் இடத்தில் குடிநீர், கழிவுநீர், சாலை ஆகியவற்றின் தேவை மாறிவிடுகிறது என்பதே இந்த அளவுகோலுக்கு அடிப்படை. வலைக் கண்ணின் அளவு எந்த மீன் தங்கும், எது நழுவும் என்பதை முடிவு செய்வதைப் போன்றதுதான் இது; மீனின் சுவைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கணக்கெடுப்பில் நகரமாகிவிட்டால் ஊராட்சி தானாகவே பேரூராட்சியாகிவிடும் எனப் பலர் நினைப்பது தவறு; மாநில அரசு தனியே அறிவிக்கும் வரை அங்கே ஊராட்சி நிர்வாகமே தொடரும்.